சுங்கை சிப்புட்டுக்கு வருகிறீர்களா? ரயில், பஸ், அப்புறம் அந்தக் கடைசி ஐந்து கட்டை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்வது பெரிய காரியமில்லை. கோலாலம்பூரில் (எங்கள் பேச்சில் கேஎல்) கேஎல் சென்ட்ரல் ஸ்டேசனில் ரயில் ஏறினால் ஈப்போவுக்கு அடுத்து நிற்கிற இடம், அவ்வளவுதான். அங்கே இறங்கித் தோட்டத்து வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு. கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று வருகிறவர்கள், தாத்தா பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, தோட்டத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: கேஎல்லிலிருந்து எப்படி வருவது? ஸ்டேசனிலிருந்து எப்படிப் போவது, அதைவிட முக்கியமாகச் சாயங்காலம் எப்படித் திரும்புவது என்று முன்கூட்டியே கேட்பவர் ரொம்பக் குறைவு. அதனால் நான் யாருக்கு வழி சொன்னாலும் பின்னாலிருந்துதான் தொடங்குவேன். முதலில் வீடு, அப்புறம் ஸ்டேசன், கடைசியில்தான் டிக்கெட்.

முதலில், வீடு எங்கே இருக்கிறது?

சொந்தக்காரர் 'தோட்டத்துக்கு வாங்க' என்பார். அவர் இன்னமும் தோட்டத்து லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீடுகளில்தான்) இருக்கிறாரா, இல்லை தோட்டத்தை விட்டு வெளியேறி டவுன் ஓரத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேர் தாமானுக்கு வந்து வருசக்கணக்காகிவிட்டது, பேச்சில்தான் இன்னும் தோட்டம். தாமான் என்றால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது, ஆப்பில் கூப்பிடுகிற கிரேப் வாடகைக் கார் வாசலுக்கே வரும். லயம் என்றால் மேலே படியுங்கள்.

தோட்டத்துப் பெயர் மட்டும் போதாது. டோவன்பி, எல்பில், ஹீவூட், சங்காட் சாலாக் என்று சுற்றிலும் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேல் டிவிஷன் இருக்கலாம், ஒரு டிவிஷனுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களைத் தவிர வேறெதுவும் இருக்காது. எந்த டிவிஷன், மெயின் ரோட்டில் எத்தனையாவது கட்டையில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா தமிழ்ப்பள்ளியா ஆபீசா, இந்த மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டை என்பது மைல். நாடு கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்கள் பெரியவர்கள் மாறவில்லை. 'அஞ்சாங்கட்டை' என்றால் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். நடந்து போய்விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாட்ஸாப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்வதும் நல்லதுதான், ஆனால் அதை வீட்டு வாசலில் நின்றுகொண்டு அனுப்பச் சொல்லுங்கள். டவுன் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது அனுப்பினால் நீங்கள் மார்க்கெட்டுக்குத்தான் போவீர்கள். இன்னொன்று, போனில் காட்டுகிற வரைபடம் தோட்டத்து மண்ரோட்டையும் ரோடு என்றே காட்டும். அதில் பாதி லாரி ரோடு. மழை பெய்தால் சேறு, சில இடங்களில் குறுக்கே தடைக்கம்பு போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் எந்தப் பக்கமாக வரச் சொல்கிறாரோ அந்தப் பக்கமாகவே போங்கள்.

ரயில்

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு என் யோசனை ரயில்தான், இரண்டாவது பேச்சே இல்லை. மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் இடிஎஸ் மின்ரயில் 2010-இல் ஈப்போவரை ஓடத் தொடங்கியது, 2015-இல் பாடாங் பெசார்வரை நீண்டது. மீட்டர் கேஜ் தண்டவாளம்தான், ஆனாலும் மணிக்கு 140 கிலோமீட்டர்வரை போகும். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈப்போ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், அங்கிருந்து சுங்கை சிப்புட் அரைமணிக்கும் குறைவு.

விமானத்தில் வருகிறவர்கள் கேஎல்ஐஏவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் பிடித்தால் டெர்மினல் 1-லிருந்து 28 நிமிடம், டெர்மினல் 2-லிருந்து 33 நிமிடம், நேரே கேஎல் சென்ட்ரல். காசு அதிகம் என்றால் பஸ்ஸும் இருக்கிறது, நேரம் கூடுதலாகும். விமானம் இறங்கிய இரண்டாவது மணி நேரத்துக்கே இடிஎஸ் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குடிநுழைவு வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றன்றைக்கு அதிர்ஷ்டம். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள், அங்கே வந்து நின்றுகொண்டு நிரப்பினால் அந்த வரிசையும் போச்சு.

டிக்கெட்டைக் கேடிஎம் ஆப்பிலோ இணையதளத்திலோ எடுக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊர்ப் பட்டியலைத் திறந்தால் சுங்கை பூலோ, சுங்கை (Sungkai), சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி எல்லாம் வரும், எல்லாமே இதே தண்டவாளத்தில் இருக்கிற ஊர்கள். சுங்கை பட்டாணி கெடாவில், பட்டர்வொர்த்துக்கும் வடக்கே. 'சுங்கை' என்று அடித்ததும் மேலே வருவதைத் தட்டினால் எங்கேயோ போய் நிற்பீர்கள். முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத் தட்டுங்கள்.

அடுத்து, எல்லா இடிஎஸ்ஸும் எங்கள் ஊரில் நிற்காது. பெரிய ஸ்டேசன்களில் மட்டும் நின்று போகிற ரயில்கள் சுங்கை சிப்புட்டை ஊதிக்கொண்டே தாண்டிப் போய்விடும். ஆகவே ஆப்பில் 'கேஎல் சென்ட்ரல் – சுங்கை சிப்புட்' என்று போட்டுத்தான் தேட வேண்டும். உங்களுக்குத் தோதான நேரத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஈப்போவுக்கு எடுங்கள், அங்கே ரயில் நிறையவே நிற்கும், மிச்சத்துக்குப் பஸ்ஸோ காரோ பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கேட்கும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். இருக்கைகள் திரும்பாது, பாதி முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும் இருக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை சுற்றுகிறவர்கள் படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு எழுத்து, இருக்கைக்கு எண், இரண்டும் டிக்கெட்டில் இருக்கும், அங்கேயே உட்காருங்கள், காலியாக இருக்கிறதே என்று வேறிடத்தில் உட்கார்ந்தால் அடுத்த ஸ்டேசனில் ஏறுகிறவர் வந்து எழுப்புவார்.

உள்ளே ஏர்கோன் குளிர். வெளியே வெயில் கொளுத்துகிறது என்று மெல்லிசுச் சட்டையோடு ஏறுகிற பெரியவர்கள் தாப்பா ரோட் வருவதற்குள் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சால்வை, ஒரு ஸ்வெட்டர், ஏதாவது ஒன்று கைப்பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு ரயிலிலேயே சிற்றுண்டிப் பெட்டி இருக்கிறது, ஆனாலும் கேஎல் சென்ட்ரலை விட்டு வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைச் சாப்பாட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டே ஏறுங்கள். நீங்கள் நடந்து போகிற அந்த ஜாலான் துன் சம்பந்தன் யார் பெயர் தெரியுமா? அவர் எங்கள் சுங்கை சிப்புட்காரர், 1919-இல் இங்கேதான் பிறந்தார். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் (வெள்ளி என்றால் இங்கே காசு, ரிங்கிட்) சேர்த்து, தோட்டங்களை அவர்களுக்கே வாங்குவதற்கு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். சரி, கதை போதும், ரயிலுக்கு வருவோம்.

கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறும் பழக்கம் இங்கே செல்லாது. ரயில் கிளம்புவதற்குச் சற்று முன்பே கதவை மூடிவிடுவார்கள், பிளாட்பாரத்தில் ரயில் நின்றுகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும், ஏற விடமாட்டார்கள். அரைமணி முன்பே போய்விடுங்கள். அறிவிப்புப் பலகை மலாயில் இருக்கும்: 'பெர்லெப்பாஸ்' என்றால் புறப்பாடு, 'கெதிபான்' என்றால் வருகை, 'லெவாட்' என்று பார்த்தால் ரயில் தாமதம், 'கெலுவார்' வெளியே போகும் வழி, 'தண்டாஸ்' கழிவறை. இவ்வளவு தெரிந்தால் நாடு முழுக்கச் சமாளிக்கலாம்.

தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை, இந்த நேரங்களில் டிக்கெட் தானாகக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். விற்பனை திறந்த அன்றைக்கே எடுத்தால்தான் உண்டு. நீண்ட வார இறுதி என்றால் வெள்ளி மாலை வடக்கே வருகிற ரயிலும் ஞாயிறு மாலை தெற்கே போகிற ரயிலும்தான் முதலில் நிரம்பும். சனிக்கிழமை காலை வந்து திங்கள் திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி, மின்ரயில் இப்போது ஜோகூர் பாருவரை வந்துவிட்டது. உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஷட்டில் ரயிலில் ஐந்து நிமிடம், அங்கிருந்து கேஎல், கேஎல்லில் மாறி எங்கள் ஊர். ஷட்டில் டிக்கெட்டுக்குப் போட்டி அதிகம், அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

பஸ்ஸில்தான் வருவேன் என்றால்

ரயில் கிடைக்காதவர்களுக்கும், பெரிய மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்கும் பஸ். கேஎல்லில் பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு நாள் முழுக்க பஸ் ஓடுகிறது. கேஎல்ஐஏவிலிருந்தே ஈப்போவுக்கு நேரடி பஸ்ஸும் உண்டு, இரவில் விமானம் இறங்குகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

ஈப்போ பஸ் என்றால் ஊருக்குள் இறக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தூர பஸ்கள் எல்லாம் மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா நிலையத்துக்குத்தான் வரும், அது டவுனுக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. உள்ளூர் பஸ்கள் கிளம்புவதோ டவுனுக்குள் இருக்கும் மேடான் கிட் நிலையத்திலிருந்து. சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே. ஆக, அமான்ஜெயாவில் இறங்கி, தெற்கே டவுனுக்குப் போய், அங்கே பஸ் மாறி, மறுபடி வடக்கே வருவது என்பது வேலை மெனக்கெட்ட வேலை. இரண்டு மூன்று பேராக இருந்தால் அமான்ஜெயாவிலிருந்தே கிரேப் எடுத்து நேராக வந்துவிடுங்கள், ஆளுக்குப் பிரித்தால் பெரிய தொகையாக இருக்காது. தனி ஆள், நேரம் இருக்கிறது, காசை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் மேடான் கிட்.

ரயிலில் ஈப்போவரை வந்து மாறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஈப்போ ஸ்டேசனிலிருந்து மேடான் கிட் நடக்கிற தூரம்தான். ஸ்டேசனை விட்டு இறங்கும்போது ஒருதடவை திரும்பிப் பாருங்கள், 1917-இல் கட்டி முடித்த வெள்ளை மாளிகை, ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, கோலகங்சார் உபுடியா மசூதியும் அவர் கைவண்ணம்தான்.

மேடான் கிட்டில் 'சுங்கை சிப்புட்' என்று தனியாகத் தேடுவதைவிட 'கோலகங்சார்' பஸ்ஸைக் கேளுங்கள். அந்த பஸ் பழைய ஒன்றாம் நம்பர் ரோட்டில் சிம்மோர் வழியாக எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நேர அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அப்படியே நம்பிவிடாமல் அங்கே நிற்கிற ஊழியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'பாங், பஸ் சுங்கை சிப்புட் புக்குல் பெராப்பா?' என்றால் மணி சொல்வார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் போய் நிற்காதீர்கள், எல்லாமே சற்று மந்தமாகத்தான் இருக்கும்.

ஏறும்போது கையில் சில்லறை வேண்டும். ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் ஓட்டுநர் உங்களைப் பார்க்கிற பார்வையே சரியாக இருக்காது. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முன் இருக்கையில், ஓட்டுநருக்குக் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து, எங்கே இறங்க வேண்டும் என்பதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். டவுனுக்கு முன்னாலேயே இறங்க வேண்டியவர்கள் நிறுத்தம் வருவதற்கு முன்பே மணியை அழுத்த வேண்டும், நிறுத்தத்தைப் பார்த்த பிறகு அழுத்தினால் அடுத்ததில்தான் நிற்கும். அதேபோல ரோட்டோரம் நின்று பஸ் பிடிக்கும்போது கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள், சும்மா நின்றால் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறீர்கள் என்று நினைத்துப் போய்விடுவார்.

அந்தக் கடைசி ஐந்து கட்டை

இப்போது சுங்கை சிப்புட்டில் இறங்கிவிட்டீர்கள். தோட்டத்துக்குள் போகிற பஸ் என்று ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். கிரேப் ஆப்பைத் திறந்தால் ஈப்போவில் தேன் ஈ மொய்க்கிற மாதிரி இருந்த கார்கள் இங்கே ஒன்றோ இரண்டோ காட்டும், அதுவும் தோட்டத்துப் பெயரைப் பார்த்ததும் ரத்து செய்யலாம். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, உள்ளே போனால் வெறும் வண்டியாகத்தான் திரும்ப வேண்டும், மண்ரோட்டில் வண்டிக்கும் அடி.

அதனால் இரண்டு வழி. ஒன்று, வீட்டுக்காரரே வந்து அழைத்துப் போவது. கூச்சப்படாமல் கேளுங்கள். 'நாங்களே வந்துடுறோம் மாமா' என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு ஸ்டேசன் வாசலில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட, 'மாமா, ரயில் மணி இத்தனைக்கு வருது, வண்டி அனுப்ப முடியுமா?' என்று முந்தின நாளே கேட்டுவிடுவது நல்லது. தோட்டத்து வேலை விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும், அதனால் பிற்பகலில் வந்து இறங்குகிற ரயில் என்றால் அவர்களுக்கும் வசதி. காலை ரயிலில் வந்துவிட்டு, வெட்டுக்குப் போயிருக்கிற மனிதரைப் போனில் அழைத்துக்கொண்டே இருந்தால் எடுக்கமாட்டார்.

இரண்டாவது, டவுனில் தெரிந்த ஆளின் கார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற வேன்காரர்கள், பாட்டிமார்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவர்கள் என்று எல்லா ஊரிலும் சிலர் இருப்பார்கள். உங்கள் சொந்தக்காரருக்கு அவர் நம்பர் தெரியும். போக எவ்வளவு, வர எவ்வளவு, காத்திருந்தால் எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் ஏறிவிட்டு இறங்கும்போது பேசினால் அண்ணன் தம்பி உறவும் கசக்கும்.

காத்திருக்க வேண்டி வந்தால் டவுன் பக்கம் போய் ஒட்டுக்கடையில் (ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில்) உட்காருங்கள். யாராவது அழைக்க வரும்போது 'எங்கே நிற்கிறீங்க?' என்று கேட்டால் 'பேங்க் பக்கத்தில்' என்று சொல்லாமல் எல்லாருக்கும் தெரிந்த அடையாளமாகச் சொல்லுங்கள். மகாத்மா காந்தி கலாசாலை என்றால் தமிழர்களில் தெரியாதவர் கிடையாது, 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த தமிழ்ப்பள்ளி.

தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் காவலாளி நின்று கேட்டால் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று பெயர் சொன்னால் போதும். சொந்தக்காரர் யாரும் இல்லை, பழைய தோட்டத்தைப் பார்க்கத்தான் வந்தேன் என்கிறவர்கள் முதலில் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுற்றுங்கள், தனியார் நிலம் அது. எல்பில் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் சிலர் உண்டு. 1948 ஜூன் 16 அன்று அங்கேயும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்துத்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960வரை நீடித்தது. பால்மரத்தைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, பல இடங்களில் இப்போது செம்பனைதான்.

குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் பிடிக்கும். நல்ல செருப்பு வேண்டாம்.

திரும்புகிற வழி

இதைத்தான் முதலிலேயே முடிவு செய்யச் சொன்னேன். தோட்டத்துக்குள் இருட்டிவிட்டால் வண்டி பிடிப்பது கஷ்டம், டவுனிலோ கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே வீட்டை விட்டுக் கிளம்புவதாகச் சொல்லிவையுங்கள். ஏன் ஒன்றரை மணி என்றால், 'கிளம்புறேன்' என்று எழுந்த பிறகு காப்பி வரும், பக்கத்து லயத்து அத்தை வருவார், அப்புறம் பை நிறையத் தேங்காயும் வாழைத்தாரும் வரும். அதுவே டுரியான் பருவமாக இருந்தால் கவனம், ரயிலிலும் பஸ்ஸிலும் டுரியானை ஏற்ற விடமாட்டார்கள், பிளாஸ்டிக்கில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த வாசம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

விடியற்காலை ரயிலென்றால் இன்னொரு சங்கதி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும், இங்கே மணி ஏழு ஆகிற வரைக்கும் வெளிச்சம் சரியாக வராது. ஆறரைக்குத் தோட்டத்து ரோட்டில் கும்மிருட்டு. முந்தின இரவே டவுனிலோ ஈப்போவிலோ வந்து தங்கிவிடுவது மேல்.

ஒருநாள் கையில் இருந்தால்

சுங்கை சிப்புட்டிலிருந்து வடக்கே போகிற அதே ரயிலில் அடுத்து கோலகங்சார். போகிற வழியில் பேராக் ஆற்றைத் தாண்டும்போது பக்கத்திலேயே பழைய விக்டோரியா பாலம் தெரியும், 1900-இல் முடிந்த செங்கல் தூண் பாலம், இப்போது ரயில் ஓடுவதில்லை, ஆட்கள் நடக்கிறார்கள். கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, பாட்டன் பூட்டன் இங்கே வந்த கதையைத் தேடுகிறவர்கள் அதைப் பார்க்காமல் போகக்கூடாது. ஸ்டேசன் டவுனுக்கு நடுவில் இல்லை, கார் பிடிக்க வேண்டிவரும்.

அதற்கும் மேலே போனால் பெராப்பிட் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், போனில் பேசிக்கொண்டிருந்தால் தொடர்பு அறுந்துபோகும். அது தாண்டி தைப்பிங். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. ஏரிப் பூங்கா ஒன்றே அரைநாளுக்குப் போதும், ஆனால் குடையில்லாமல் தைப்பிங்குக்குப் போகாதீர்கள், மழைக்குப் பேர்போன ஊர். பிறகு புக்கிட் மேரா ஏரிக்கு நடுவே பாலத்தில் ரயில் ஓடும், சன்னலோர இருக்கைக்காரர்கள் தூங்காமல் இருந்தால் சரி. பட்டர்வொர்த்தில் இறங்கிப் பக்கத்திலேயே பெர்ரி ஏறினால் பினாங்கு.

தெற்கே கேஎல் திரும்பி பத்துமலை போகிறவர்கள் கேஎல் சென்ட்ரலிலேயே கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம், பத்துமலை கோயில் வாசலுக்கே அது போய் நிற்கும். கொமுட்டரில் இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். தைப்பூசம் சமயமென்றால் காரில் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டு அதிலேயே போங்கள், அப்போது இரவு பகலாகக் கூடுதல் ரயில் விடுவார்கள்.